யாரும் வாங்கக் கூடாத விலை

1

போன வாரம் மதிய உணவு நேரத்தில் அலுவலக நண்பர் ஒருவர் தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பழைய துப்பாக்கிகளை வாங்கவும் விற்கவும் என்றே இங்கே ஒரு உள்ளூர் விளம்பரத் தளம் உண்டு. யாரோ ஒருவர் தன்னுடைய பழைய கைத்துப்பாக்கிக்கு, கடையில் புதிதாகக் கிடைக்கும் விலையைவிட இருநூறு டாலர் கூடுதலாகக் கேட்டிருந்தார். "இந்த ஆள் விற்க வந்தானா, வேடிக்கை காட்ட வந்தானா?" என்று நண்பர் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். போன வருடம் முழுக்க அதே தளத்தில் அப்படி ஒரு விலையைப் போட்டு வைத்திருந்தவன் நான்தான்.

ஊரில் இதைப் படிப்பவர்கள், நிஜாமுக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூத்தாநல்லூரில் இருக்கும் என் அம்மாவுக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. அவர் பத்திரிகை படிப்பதில்லை. படிக்கிறவர்கள் தயவுசெய்து போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

2

டெக்ஸாஸில், டாலஸ் நகரை ஒட்டிய இர்விங்கில் எங்கள் வீடு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெருநாள் மாலை, நண்பர் வீட்டு விருந்து முடிந்து திரும்பியபோது பின்கதவு உடைந்து கிடந்தது. டிவி, கம்ப்யூட்டர் எதையும் தொடவில்லை. சமையலறையில் அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடியிருந்தார்கள். நம்மவர்கள் நகையை எங்கே ஒளிப்பார்கள் என்று தெரிந்தவர்கள். என் மனைவி ரஹிமாவின் நகைகள் பெரும்பாலும் பேங்க் லாக்கரில் இருந்ததால் தப்பின. இரண்டு வளையலும் எங்கள் மகள் நஸ்ரினின் சின்னச் சங்கிலியும் போயின. வந்த போலீஸ்காரர் அரிசி நெறுநெறுக்க நடந்து குறிப்பெடுத்துக்கொண்டு, கதவை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

ரஹிமா மூன்றே நாளில் பழைய ரஹிமாவாகிவிட்டாள். டேகேரில் வேலை செய்கிறவள், இருபது குழந்தைகளின் அழுகையில் எதையும் மறந்துவிட முடிகிறது அவளுக்கு. என்னால் முடியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது பின்கதவைப் பூட்டினேனா என்று தோன்றும். மீட்டிங்கின் நடுவில் எழுந்து இருபது நிமிடம் கார் ஓட்டி வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, ஐந்தாறு தடவை.

இந்த நிலையில்தான் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கவுண்டரில் டேல் என்று ஒரு பெரியவர், காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். பெயர், பிறந்த ஊர், எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கும் ஒரு படிவத்தைக் கொடுத்தார். இந்தியா என்று எழுதினேன். கிரீன் கார்டைக் காட்டினேன். போதாதாம். குடிமகன் அல்லாதவர், மூன்று மாதமாக டெக்ஸாஸில்தான் குடியிருக்கிறார் என்பதற்குக் கரண்ட் பில் வேண்டுமாம். திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். என் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் படிவத்தை நிரப்பி, இருபது நிமிடத்தில் துப்பாக்கியோடு புறப்பட்டுவிட்டார். எனக்காக டேல், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்து பேசினார், போனை வைத்தார்.

"டிலே," என்றார். அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை, காத்திரு என்று பொருள்.

காரணம் சொல்ல மாட்டார்கள். அவருக்கும் தெரியாது. நிஜாமுதீன் என்ற பெயரில் உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அதில் எவன் என்ன செய்தானோ. இரட்டைக் கோபுரம் விழுந்ததிலிருந்து விமான நிலையங்களில் ஓரமாக நிற்கப் பழகியவன்தான் நான். ஆனால் இங்கே நான் கேட்டு வந்தது பாதுகாப்பை. அதற்கும் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது உறுத்தியது. நான்கு நாள் கழித்து, அனுமதி வந்துவிட்டது என்று டேல் கூப்பிட்டார். ஐந்நூற்று இருபது டாலர். பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைத்து, எங்கள் அறையில் துணி வைக்கும் க்ளோசட்டின் மேல் தட்டில், பழைய கம்பளிகளுக்குப் பின்னால் வைத்தேன். தோட்டாக்களை கராஜில் தனியாகப் பூட்டினேன்.

ரஹிமாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒன்றரை வருடம் ஓடியது.

3

போன வருடத் தொடக்கம். நஸ்ரினுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்புத் தோழி எமிலி எங்கள் வீட்டுக்கு விளையாட வருவதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் எமிலியின் அம்மா போன் செய்தார். ரஹிமா ஒரு கையில் கரண்டியோடு பேசினாள். நான் ஹாலில் இருந்தேன்.

"நோ நோ! வி ஆர் நாட் தட் டைப்," என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தாள். வைத்ததும் என்னிடம் வந்தாள்.

"மச்சான், கேட்டீங்களா? வீட்ல துப்பாக்கி இருக்கான்னு கேக்குறாங்க அந்தம்மா. பிள்ளைய அனுப்புற எல்லா வீட்லயும் கேப்பாங்களாம். இட்லிக் குண்டான் இருக்கான்னு கேட்டாலாவது ஒரு அர்த்தம் இருக்கு."

"இருக்கு," என்றேன்.

"அதான், அது இருக்கு."

"இட்லிக் குண்டான் இல்ல ரஹிமா. அது."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"எங்க?"

"மேல. நம்ம க்ளோசட்ல. பூட்டித்தான் வச்சிருக்கேன்."

"நஸ்ரின் ரூமுக்கு ஒட்டுன சுவத்துலயா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். எமிலியின் அம்மாவைக் கூப்பிட்டு, தன் இங்கிலீஷில், "சாரி, ஐ டோல்ட் ராங். மை ஹஸ்பண்ட் ஹேஸ். ஐ டிட் நாட் நோ," என்றாள். என் எதிரில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, இனி குழந்தைகள் தங்கள் வீட்டில் விளையாடட்டும் என்றாராம். அதற்குப் பிறகு நஸ்ரின்தான் அங்கே போனாள். எமிலி ஒரு நாளும் இங்கே வரவில்லை. சில வாரம் கழித்து எமிலி வீட்டிலிருந்து நஸ்ரினைக் காரில் கூட்டி வரும்போது, "உன் பிறந்தநாளுக்கு எமிலியக் கூப்பிடலாமா?" என்று கேட்டேன்.

"ஷி கான்ட் கம், அத்தா. பிகாஸ் ஆஃப் யூ," என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. குரலில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பிப்பதுபோல இருந்தது.

4

ரஹிமா கேட்டது ஒன்றே ஒன்று. "வித்துருங்க."

சரி என்றேன். கடையில் கொடுத்தால் பாதி விலைதான் தருவார்கள், நெட்டில் போடலாம் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஐந்நூற்று இருபதுக்கு வாங்கியதற்கு நான் போட்ட விலை தொள்ளாயிரத்து ஐம்பது. அதில்தான் என் பொய் இருந்தது.

விற்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். அதை நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பெட்டியைத் திறந்து பார்த்ததே நாலைந்து முறை இருக்கும். ஆனால் அது மேலே இருக்கிறது என்பதால்தான் மீட்டிங்கின் நடுவில் எழுந்து ஓடி வருவது நின்றிருந்தது. அதை ரஹிமாவிடம் சொல்ல வெட்கம். அதனால் யாரும் வாங்கக் கூடாத விலையாகப் பார்த்துப் போட்டேன்.

விளம்பரத்துக்குக் கீழே முகம் தெரியாத ஆட்கள் கேலி செய்தார்கள். இந்த விலைக்கு வீடும் சேர்த்துத் தருவாயா என்று ஒருவர். பூஜ்யம் ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதா என்று ஒருவர். எனக்கு அவை நிம்மதியாக இருந்தன. மாதம் ஒரு முறை ரஹிமாவுக்குத் திரையைக் காட்டுவேன். "பாரு, ஆள் வரல. நான் என்ன பண்றது?" அவள் நம்பினாள். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்களேன்," என்பாள். "பாக்கலாம்," என்பேன்.

அந்த நவம்பரில் தேர்தல் வந்தது. ஆட்சி மாறப் போகிறது, துப்பாக்கிச் சட்டங்கள் இறுகும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் பார்த்திராத பரபரப்பு. கடைகளில் சுவர் முழுக்கத் தொங்கியவை ஒரு வாரத்தில் காலி. தோட்டாப் பெட்டிகளை ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள்.

அப்போது எனக்குக் கூத்தாநல்லூரில் எங்கள் தெரு அரிசி மில் ஹாஜியாரின் ஞாபகம் வந்தது. அந்த வட்டாரத்தில் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி அவரிடம்தான் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பழைய கைலியில் சுற்றி, சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் கிடத்திக்கொண்டு போவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பி வரும். அங்கே தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கே தேர்தல் வந்தால் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

ஒரு நாள் டேலின் கடைப் பக்கம் போனேன். பாதி ஆணிகள் வெறுமனே நின்றன. முன்பெல்லாம் ஒருவர் சனிக்கிழமை வருவார், நாலு துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பார், மான் வேட்டைக் கதை பேசுவார், அடுத்த வாரம் மனைவியோடு வந்து ஒன்றை எடுப்பார் என்றார் டேல். "இப்போது போன் செய்து, என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை. எதுவானாலும் எடுத்து வை, வருகிறேன் என்கிறார்கள். எனக்கு அவர்கள் முகமே தெரியவில்லை." புதியது வராததால் பழையதின் விலை புதியதைத் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தேன். என் துப்பாக்கியைப் போன்றவை தொள்ளாயிரத்துக்கு நின்றன. என்னைக் கேலி செய்தவர்களில் ஒருவரே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். நான் போட்ட பொய் விலை வரைக்கும் ஊர் ஏறி வந்துவிட்டது. பதில் எழுதாமல் மூடி வைத்தேன். அதற்குக் கீழே அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கும் எழுதவில்லை, ரஹிமாவுக்குத் திரையைக் காட்டவும் இல்லை.

5

இந்த மார்ச்சில் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது ரஹிமா வாசலிலேயே நின்றாள்.

"மச்சான், ஆள் கிடைச்சிருச்சு! நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறாராம். நானே பதில் போட்டுட்டேன், சனிக்கிழமை வரச் சொல்லி."

எங்கள் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் கணக்கு; மற்றவர்களைப் போலத் தளத்தில் கேட்காமல் இவர் அதற்கே எழுதியிருந்தார். நான் ஓடிப்போய்ப் படித்தேன். "கைண்ட்லி கன்ஃபர்ம் தி லாஸ்ட் பிரைஸ். ஐ வில் டூ தி நீட்ஃபுல்." டெக்ஸாஸ்காரன் எவனும் எழுதாத இங்கிலீஷ். நம்ம ஆள்.

சனிக்கிழமை பகல். பெரிய ஹார்ட்வேர் கடை ஒன்றின் பார்க்கிங். பெட்டி என் கார் டிக்கியில் பூட்டியபடி இருந்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பின் கண்ணாடியில் கார் விற்பனைக்கு என்று கையால் எழுதிய காகிதம். இறங்கியவருக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நாலு இருக்கும். நன்றாக மடித்துத் தேய்த்த சட்டை. தாடி மட்டும் நாலு நாள்.

"தமிழா?" என்றேன்.

அவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு, "ஆமா சார். சரவணன். ஆத்தூர், சேலம் பக்கம்," என்றார். என் பெயரைச் சொன்னேன். "ஓ, பாய்ங்களா," என்று கை கொடுத்தார். கை ஜில்லென்று இருந்தது.

"கிரீன் கார்டா?"

"இல்ல பாய், ஹெச்-ஒன் விசா. கடையில எனக்குக் குடுக்க மாட்டாங்க. அதான் நீங்க சொன்ன விலைக்கே ஒத்துக்கிட்டேன். ஃபார்ம் கீர்ம் எதுவும் வேணாம்." சட்டைப் பையில் இருந்து கவர் ஒன்றை எடுத்தார்.

என் மடத்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவரும் வாங்க மாட்டார்கள் என்றுதானே அந்த விலையைப் போட்டேன்? கடைக் கவுண்டரில் போய் நிற்க முடியாத ஒருவர் அதைத் தரத் தயாராக இருப்பார் என்று ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"விசால இருக்கறவங்களுக்கு விக்கக் கூடாது சரவணன், தப்பு. எதுக்கு வேணும் இது?"

"அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரெண்டு பேர் மடக்கிட்டாங்க பாய். பர்ஸ் போச்சு. பயமா இருக்கு."

"எப்ப?"

"போன... போன வருஷம்."

"கார் விக்கிறீங்க போல?"

"வேலை போயிடுச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டு லீஸ் இந்த மாசத்தோட முடியுது."

"அப்ப ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல."

"வேற அபார்ட்மென்ட் பாத்திருக்கீங்களா?"

"இல்ல பாய்."

வீடு இல்லை, கார் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அடுத்த மாதத்துக்கு எந்த ஏற்பாடும் செய்யாத ஒருவர், திருடனுக்குப் பயந்து துப்பாக்கி வாங்க வந்திருக்கிறார். கடை ஆள் ஒருவர் தள்ளுவண்டிகளைக் கோத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"சரவணன்," என்றேன், "தம்பியா நெனச்சுக் கேக்கறேன். உங்களையே ஏதாவது பண்ணிக்கவா இது?"

அவர் கவரை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். "வீட்ல இன்னும் சொல்லல பாய்," என்றார். "டெலிவரிக்குன்னு அவள ஊருக்கு அனுப்பினேன். பையன் பொறந்து நாலு மாசம். டெய்லி வெப்கேம்ல ஆபீஸ் எப்படி இருக்குன்னு கேக்கறா. டை கட்டிக்கிட்டு உக்காந்து பேசறேன்."

நான் அவர் தோளைப் பிடித்தேன். தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். "சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். அவர் கார் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, அவரை என் காரில் ஏற்றினேன். டிக்கியில் அந்தப் பெட்டி இருப்பது வீடு வரும்வரை என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

6

சமையலறையில் ரஹிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையைப் பற்றியும் அதற்குப் பின்னால் இருந்த பின்கதவுப் பயத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு, சரவணன் உட்கார்ந்திருந்த ஹாலுக்குப் போனாள்.

"சரவணன், நல்லா சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு உங்க துணிமணியெல்லாம் எடுத்துட்டு வரலாம். இங்கதான் இருக்கீங்க," என்றாள்.

"இல்லக்கா, எதுக்கு உங்களுக்குச் சிரமம்..."

"நான் கேக்கல, சொல்றேன்."

அன்று பின்னேரமே நான் பெட்டியை எடுத்துக்கொண்டு டேலிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்காமல் ரசீது எழுதி, தன் கடைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். மறுநாள் சரவணனோடு பள்ளிவாசல் இலவச கிளினிக்கின் டாக்டர் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அன்று காலையிலேயே ரஹிமா சரவணனிடம் நம்பர் வாங்கி ஆத்தூருக்குப் போன் போட்டிருந்தாள். "டெக்ஸாஸ்ல இருந்து ரஹிமா பேசறேம்மா. உன் வீட்டுக்காரர் நல்லா இருக்கார், எங்க வீட்லதான் இருக்கார்," என்று சொல்லிவிட்டுப் போனை அவரிடம் நீட்டினாள். "வேலை போயிடுச்சு" என்பதைச் சொல்ல அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு "சரி... சரி..." என்று அழுதுகொண்டே ஏழெட்டு முறை சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"எப்ப வர்றீங்கன்னு கேக்கறா. அது மட்டும்தான் பாய் கேட்டா."

பதினோரு நாள் எங்களோடு இருந்தார். இரண்டாம் முறையும் டாக்டரைப் பார்த்தார். நஸ்ரின் அவருக்கு ஏதோ சீட்டு விளையாட்டு சொல்லிக்கொடுத்து, தினமும் அவரைத் தோற்கடித்தாள். ரஹிமா முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "சரவணன், அவங்களுக்கு டீ வேணுமான்னு கேளுங்க," என்பாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வருஷம் ஏமாத்திருக்கீங்க. அது கிடக்கட்டும். வேற எவனாவது இதே விலை போட்டு, அவன்கிட்ட இவர் போயிருந்தா? அவன் என்ன கேட்டிருப்பான்?"

"ஒண்ணும் கேட்டிருக்க மாட்டான்."

"அதான்," என்றாள்.

சரவணனை விமானம் ஏற்றிய மறுநாள் விளம்பரத்தை எடுத்தேன். டேலிடமே விற்றுவிடலாமா என்றேன். ரஹிமா ஒப்பவில்லை. "யார் கைக்குப் போவும்னு உங்களுக்குத் தெரியுமா? வேணாம். அழிச்சிரச் சொல்லுங்க." போலீஸுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு, டேலிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேசையில் இருந்த அதிகாரி துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "இப்போது இதற்கு என்ன விலை கிடைக்கும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

பெயர், முகவரி எழுதினேன். ஒப்படைக்கும் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. உடைந்த கதவை எழுதுவதா, எமிலியை எழுதுவதா, சரவணனை எழுதுவதா? ரஹிமா பேனாவை என் கையிலிருந்து வாங்கி, பெரிய பெரிய எழுத்தில் "ஃபினிஷ்ட்" என்று எழுதினாள்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஃபினிஷ்ட்?"

"யெஸ். ஃபினிஷ்ட்," என்றாள் ரஹிமா.

வெளியே வந்தோம். அவள் விறுவிறுவென்று நடந்து காரில் ஏறி உட்கார்ந்து, நஸ்ரினைக் கூட்டிவர நேரமாகிவிட்டது என்றாள். என்னால் உடனே ஏற முடியவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு நின்று, காலையில் பின்கதவைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பூட்டிட்டீங்க மச்சான், நான் பாத்தேன்," என்றாள் ரஹிமா, உள்ளேயிருந்து. "ஏறுங்க."